காற்றுப் பிடி

யாகப்பர் கோயில் திருநாள் முடிந்த மறுநாள் காலை, வின்சன்ற் தன் கிற்றாரைப் பழைய சாரமொன்றில் சுற்றிக்கொண்டுவந்து இன்னாசித்தம்பியின் பட்டறை மேசையில் வைத்தான். அவன் சத்தம் போட்டிருந்தால் இன்னாசித்தம்பிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் சத்தம் போடவில்லை.

“மூண்டாவது பாட்டு நடக்கேக்கை உள்ளுக்கை டக்கெண்டு ஒரு சத்தம் கேட்டுது, அண்ணை. அதுக்குப் பிறகு எந்தக் கம்பியைத் தட்டினாலும் தகரம் அதிருற மாதிரி. மைக்குக்கு முன்னாலை நிண்டுகொண்டு நான் என்ன செய்யிறது? கிற்றாரை இறக்கி வைச்சிட்டு வாயாலை பாடி முடிச்சனான்.”

இன்னாசித்தம்பி கிற்றாரின் துளைக்குள் கையை விட்டுத் தடவினார். மேற்பலகையின் உட்புறத்தில் ஒட்டியிருந்த சட்டங்களில் ஒன்று நடுப்பகுதியில் விட்டுப்போய், விரல் பட்டதும் ஆடியது.

“திருத்தித் தாறன்,” என்றார்.

“அவசரமில்லை, அண்ணை. எங்கடை குருநகரிலை செய்த கிற்றார் எண்டு நான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான். அதுதான் ஒரு மாதிரிப் போச்சு.”

வின்சன்ற் போன பிறகும் அந்த ‘ஒரு மாதிரி’ இன்னாசித்தம்பியை விட்டுப் போகவில்லை.

அது எழுபத்துமூன்றாம் ஆண்டு. இறக்குமதித் தடையால் வெளிநாட்டுக் கிற்றார்கள் கடைகளுக்கு வருவது நின்றுபோயிருந்தது. ஆனால் கோயில் பாடகர் குழுக்களுக்குக் கிற்றார் வேண்டும், கலியாண வீடுகளில் பைலா பாடும் பெடியளுக்கு வேண்டும். வள்ளம் கட்டும் தச்சராக இருந்த இன்னாசித்தம்பி, ஒருமுறை உடைந்த கிற்றார் ஒன்றைத் திருத்தப்போய், அதை முழுதாகப் பிரித்து, அதைப்போலவே ஒன்று செய்து பார்த்தார். பிறகு வள்ளத்துக்குத் திரும்பவில்லை. கடல் எஞ்சின்கள் அடைத்துவரும் பெட்டிகளின் பைன் பலகையில் மேற்பலகை, பலா மரத்தில் முதுகு, பூவரசில் கழுத்து. கையில் கிடைத்ததைக்கொண்டு அவர் செய்த கிற்றார்கள் மன்னார் வரை போயின.

அந்தக் கிற்றார்களின் உள்வேலை முழுவதும் அவருடைய தங்கை அற்புதராணியின் கைவேலை. முன்னேரம் இறால் கொம்பனியில் இறால் உரித்துப் பொதி செய்துவிட்டு, பின்னேரம் அண்ணனின் பட்டறைக்கு வந்துவிடுவாள். சட்டங்களைச் சீவுவதும் ஒட்டுவதும் அவள். முப்பது வயது தாண்டிவிட்டது. கலியாணப் பேச்சு இரண்டு தரம் வந்து நின்றுபோயிருந்தது. அதைப்பற்றி அவள் கவலைப்பட்டதாக யாரும் கண்டதில்லை. ஒரு சட்டம் கோணலாக ஒட்டினால் மட்டும் அன்று சோறு இறங்காது.

அன்றும் இறங்கவில்லை. விட்டுப்போன சட்டத்தை ஒட்டியவள் அவள்தான். அண்ணனுக்கும் அது தெரியும்.

“பசையிலை பிழையில்லை, அண்ணை,” என்றாள் கடைசியில். “நடுவிலை அமத்துற பாரம் காணாது, குறைவு. ஓரத்துக்குக் கிளாம்ப் பூட்டலாம். நடுவுக்கு எட்டாது. கல்லை வைச்சா ஒரு பக்கம் சரியுது. தராசிலை நிறுக்கிற இரும்புப் படி வைச்சா மற்றப் பக்கம் எழும்புது.”

“நீட்டு வாய்க் கிளாம்ப் கொழும்பிலையும் இல்லையாம். என்னை என்ன செய்யச் சொல்லுறாய்?”

அவள் விட்டுப்போன சட்டத்தை விரலால் அமத்திப் பார்த்தாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் அடுத்த கிழமை இறால் கொம்பனியில் கிடைத்தது. கொம்பனியின் குளிர் அறைகளைப் பார்க்கச் சுன்னாகத்திலிருந்து நாகலிங்கம் என்ற மெக்கானிக் வந்துபோவார். அன்று அவர் கழித்துப்போட்ட குளிர்சாதனப் பெட்டி ஒன்றைக் கொல்லைப்புறத்தில் பிரித்துக்கொண்டிருந்தார். அதன் அடியிலிருந்த கறுத்த பந்துபோன்ற கொம்பிறசரைக் கழற்றி, மின்சாரம் கொடுத்து, உறிஞ்சும் குழாயின் வாயில் பெருவிரலை வைத்துப் பார்த்தார். தேத்தண்ணிக்கு வெளியே வந்த அற்புதராணி நின்று கவனித்தாள்.

“உயிர் இருக்கோ, அண்ணை?”

“நல்லா இருக்கு. பெட்டிதான் உக்கிப்போச்சு. நம்பாட்டில் உள்ளங்கையை வையும் பாப்பம்.”

அவர் குழாய் முனையில் ஒரு றப்பர்ப் புனலைச் செருகி நீட்டினார். அவள் உள்ளங்கையை வைத்தாள். சதை உள்ளே இழுபட்டது. கையை எடுக்கப் பார்த்தாள்; வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். புனலோடு குழாயும் சேர்ந்து வந்தது. நாகலிங்கம் சிரித்துக்கொண்டு ஆளியை அணைத்தார். உள்ளங்கை நடுவில் வட்டமாக ஒரு சிவப்பு அடையாளம்.

“உது கையைப் பிடிச்சு இழுக்குதே?”

“உது இழுக்கேல்லைத் தங்கச்சி. வெளியிலை இருக்கிற காத்து உம்மடை கையை அமத்துது. சுழியோடுறவனுக்கு மேலை தண்ணிப் பாரம் இருக்கிற மாதிரி எங்களுக்கு மேலை காத்துப் பாரம் இருக்கு. எல்லாப் பக்கமும் ஒரே அளவா இருக்கிறதாலை தெரியிறேல்லை. ஒரு பக்கத்துக் காத்தை எடுத்துவிட்டா மற்றப் பக்கம் வந்து அமத்தும்.”

“எல்லா இடத்திலையும் ஒரே மாதிரியோ? நடுவிலையும் ஓரத்திலையும்?”

“காத்துக்கு நடு எது, ஓரம் எது? ஒரே மாதிரித்தான்.”

அவள் தேத்தண்ணியை மறந்து அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணை, உந்தக் கொம்பிறசரை என்ன செய்யப்போறியள்?”

“இரும்புக் கடைக்குத்தான். ஏன்?”

“எனக்குத் தருவியளோ? கிற்றார் ஒட்ட.”

நாகலிங்கம் பத்து வருடமாகக் குளிர் வேலை செய்தவர். மீனுக்கு, பாலுக்கு, ஆஸ்பத்திரி மருந்துக்கு என்று எத்தனையோ பேர் அவரிடம் வந்திருக்கிறார்கள். கிற்றாருக்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. “முதலிலை எனக்கு விளங்கப்படுத்தும்,” என்று குந்தினார். அவள் மணலில் விரலால் கீறிக் காட்டினாள். கீழே ஒரு தட்டு, அதன்மேல் பலகை, அதன்மேல் சட்டங்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு றப்பர்ச் சீலை. அவர் தட்டுக்குக் கீழே ஒரு குழாயையும் கீறிச் சேர்த்துவிட்டு, “ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாறன்,” என்றார்.

பட்டறையில் இன்னாசித்தம்பி அதைக் கேட்டுச் சிரித்தார். அது நல்ல சிரிப்பு அல்ல.

“காத்தைக்கொண்டு மரம் ஒட்டுறதோ? இருவது வருசம் வள்ளம் கட்டினவன் நான். காத்து மரத்தைப் பிரிக்கிறதைத்தான் கண்டிருக்கிறன்.”

“ஒருக்காச் செய்து பாப்பம் அண்ணை. சரிவராட்டில் விட்டிடுவம்.”

“நான் கிற்றார் செய்யிறன் எண்டு சனத்துக்குத் தெரியும். குளிர்பெட்டி வைச்சுச் செய்யிறன் எண்டு தெரிஞ்சா என்ன கதைப்பினம்?”

உள்ளே கருவாடு பொரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி யோசப்பின், சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். “சனம் இப்ப என்ன கதைக்குது எண்டு தெரியுமே உங்களுக்கு? திருநாளிலை கிற்றார் அழுதது எண்டுதான் கதைக்குது. அதிலும்பாக்க உது பறவாயில்லை.”

இன்னாசித்தம்பி வெளியே போய்விட்டார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது நாகலிங்கம் சைக்கிளின் பின்னால் கொம்பிறசரைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கூடவே செப்புக் குழாயும், முள் ஆடும் ஒரு அழுத்தமானியும். அற்புதராணி பலாப் பலகையில் தட்டுச் செய்து வைத்திருந்தாள். றப்பர்ச் சீலைதான் பெரிய பாடாக இருந்தது. லொறி ரியூபை வெட்டிப் பார்த்தாள், அகலம் காணாது. கடைசியில் யோசப்பின் தன் அலுமாரியின் அடியிலிருந்து ஒரு சிவப்பு றப்பர்ச் சீலையை எடுத்துவந்தாள். பிள்ளை பிறந்தபோது கட்டிலில் விரிக்க வாங்கியது.

“உன்ரை மருமோன் ரெண்டு வருசம் மூத்திரம் பெய்த சீலை. ஒரு சொட்டு கீழை போகேல்லை. காத்து மட்டும் போகுமோ எண்டு பாப்பம்.”

பசை பூசாத பலகையையும் சட்டங்களையும் தட்டில் வைத்துச் சீலையால் மூடியதும், நாகலிங்கம் ஆளியைப் போட்டார். கொம்பிறசர் முனகியது. தட்டில் குழாய் செருகிய துளையைச் சுற்றி சீலை பட்டென்று ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். எதிர்ப் பக்கத்தில் சீலை ஊதிய வயிறுபோல அப்படியே கிடந்தது. துளையைச் சீலையே அடைத்துவிட்டதால் மற்றப் பக்கத்துக் காற்று வெளியேற வழியில்லை.

“வழி விடவேணும்,” என்றாள் அற்புதராணி. “காத்து நடந்து போக ஒரு வழி.”

அவள் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த பழைய வலையில் ஒரு துண்டை வெட்டிவந்து, சட்டங்களின் மேல் விரித்து, அதன்மேல் சீலையைப் போட்டாள். இம்முறை சீலை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் இறங்கியது. வலைக்கண்களின் அச்சு றப்பரின் மேல் தெரிந்தது. சட்டங்கள் ஒவ்வொன்றும், தோலுக்குள் விலா எலும்பு தெரிவதுபோல, தனித்தனியாக எழுந்து நின்றன. நாகலிங்கம் “அட!” என்றார்.

ஆனால் முள் பாதி வழிக்கு மேல் போகவில்லை. கொம்பிறசரை நிறுத்தியதும் திரும்பி ஓடிவந்தது. எங்கேயோ காற்று உள்ளே போகிறது. ஓரங்களை மெழுகால் அடைத்தார்கள். குழாய் மூட்டுகளைச் சுற்றிக் கட்டினார்கள். முள் நிற்கவில்லை. யோசப்பின், ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி நீட்டினாள். புகை எங்கே உள்ளே இழுபடுகிறது என்று பார்த்தார்கள். ஓரத்தில் இழுபடவில்லை, மூட்டில் இழுபடவில்லை. தட்டின் அடிப்பக்கம் கொண்டுபோனபோது புகை நேரே பலகைக்குள் போனது. ஓட்டை ஒன்றில் அல்ல. மரம் முழுவதிலும்.

“மரம் மூச்சு விடுது,” என்றாள் அற்புதராணி, களைத்துப்போய்.

அதுவரை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற இன்னாசித்தம்பி அப்போதுதான் உள்ளே வந்தார். குனிந்து தட்டின் அடியைப் பார்த்தார். ஊதுபத்தியை வாங்கித் தானும் பிடித்துப் பார்த்தார். புகை இழுபட்ட இடத்தை நகத்தால் சுரண்டினார். அவர் முகம் மாறியது. வள்ளத்தின் அடியில் கசிவைத் தேடும் முகம் அது. அற்புதராணி சிறுவயதிலிருந்து கண்ட முகம்.

“உதை ஆர் பலாவிலை செய்யச் சொன்னது? பலாவிலை நார்க்கண் பெரிசு. உது கசியும்.”

“பிறகு எதிலை செய்யிறது?”

“எதிலை செய்தாலும் கசியும். தண்ணி உள்ளுக்கை வரக்கூடாது எண்டுதானே நான் இவ்வளவு காலமும் வேலை செய்தனான். காத்து வரக்கூடாது எண்டாலும் அதே வேலைதான். இது ஒரு வள்ளம். அவ்வளவுதான். கவிட்டுப்போட்ட வள்ளம்.”

மறுநாள் அவர் பைபர் வள்ளம் வார்க்கும் இடத்துக்குப் போய் ஒரு தகரப் பேணியில் பிசின் வாங்கிவந்தார். வேம்பில் புதிய தட்டுச் செய்தார். கிற்றாரின் மேற்பலகைக்கு வேண்டிய மெல்லிய வளைவை அதில் குழியாக இழைத்தார். நேரான விளிம்புள்ள ஒரு சட்டத்தை அதன்மேல் வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்து, மயிரிழை மயிரிழையாகச் சீவினார். பிறகு அடியும் மேலும் ஓரமும் பிசின் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடியும் பூசினார். அந்தக் கிழமை முழுவதும் அவர் வேறு வேலை எடுக்கவில்லை. யோசப்பின் சாப்பிடக் கூப்பிட்டால், “இந்தா வாறன்,” என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தார். தட்டு முடிந்தபோது தேத்தண்ணியை ஊற்றிக் குடிக்கலாம்போல மினுங்கியது.

அடுத்த ஞாயிறு முள் கடைசிவரை போய் நின்றது. கொம்பிறசரை நிறுத்தியும் மெதுவாகத்தான் திரும்பியது.

“இப்ப சொல்லுங்கோ அண்ணை,” என்றார் நாகலிங்கம்.

“சொல்ல என்ன இருக்கு? நான் செய்த தட்டு கசியாது,” என்றார் இன்னாசித்தம்பி.

அந்தச் சந்தோசத்தில் அவசரப்பட்டுவிட்டார்கள். வைத்திருந்ததில் நல்ல பைன் பலகையை எடுத்து, சட்டங்களுக்குப் பசை பூசி, சீலையைப் போட்டு, முழு இழுவையும் கொடுத்தார்கள். முள் அடியில் முட்டியதும் சீலைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தீக்குச்சி முறிந்ததுபோல மெல்லிய சத்தம். நாகலிங்கம் ஆளியை அணைத்தார். சீலையைத் தூக்கியபோது பலகையில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு ஓடியிருந்தது.

இன்னாசித்தம்பி பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தார். அற்புதராணி அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தாள். அவர் இரண்டு பாதியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தார்.

“பாரம் காணாது எண்டுதானே அழுதாய், பிள்ளை? இப்ப கூடிப்போச்சு.”

நாகலிங்கம் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். “இந்தப் பரப்புக்கு ஒரு மாட்டு வண்டில் சுமையை ஏத்தின மாதிரி அமத்தியிருக்கு. கிற்றார் தாங்குமே?”

“அப்ப குறைக்க வேணும்,” என்றாள் அவள். “வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் காத்தை உள்ளுக்கை விட வேணும். முதலிலை முழுக்க அடைச்சம். இப்ப நாங்கள் சொல்லுற அளவுக்குத் திறக்க வேணும்.”

அதற்கு நல்லதொரு திருகு வேண்டும். நூலளவு திறந்தால் நூலளவு காற்றுத்தான் போகவேண்டும். அதைத் தேடி அவள் எங்கும் போகத் தேவையிருக்கவில்லை. மீன்பிடிக்கப் போகிறவர்கள் கொண்டுபோகும் பெற்றோமாக்ஸ் விளக்கில், அடித்த காற்றைத் திறந்துவிட ஒரு பித்தளைத் திருகு உண்டு. உடைந்த விளக்கொன்றிலிருந்து அதைக் கழற்றி நாகலிங்கத்திடம் கொடுத்தாள். அவர் அதைக் குழாயில் ஒட்டவைத்தார். குளிர்வாயு வந்த வெறும் சிலிண்டர் ஒன்றையும் கொண்டுவந்து நடுவில் பூட்டி, கொம்பிறசருக்கும் சிலிண்டருக்கும் இடையில், காற்றை அடைக்க, திருகிப் பூட்டும் குழாய் ஒன்று வைத்தார். கொம்பிறசர் சூடாகிவிட்டால் அதை நிறுத்தி ஆறவிடலாம், சிலிண்டர் இழுத்துக்கொண்டிருக்கும்.

ஒரு கிழமையாகப் பழைய பலகைத் துண்டுகளில் பழகினாள். முள்ளைப் பாதியில் நிறுத்தினால் சட்டத்தின் இரு பக்கமும் பசை மெல்லிய மணிமாலைபோலப் பிதுங்கியது. அதற்குக் கீழே போனால் இடையிடையே மாலை அறுந்தது. மேலே போனால் பலகை முனகியது. அந்தப் பாதியை அவள் மானியின் கண்ணாடியில் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டு வைத்தாள். நகப்பூச்சு யோசப்பினுடையது. “என்ரை வீட்டிலை இனி என்ன மிச்சம்?” என்று அவள் கேட்டாள்.

பிறகுதான் வின்சன்ற்றின் கிற்றார். பழைய மேற்பலகையைக் கழற்றிப் புதிய பலகை இழைத்திருந்தார்கள். நாகலிங்கமும் வந்திருந்தார். அற்புதராணி பசை பூசினாள், சட்டங்களை இருத்தினாள், வலையை விரித்தாள், சீலையைப் போட்டாள். முள் இறங்கியது. பித்தளைத் திருகைத் தொட்டாள். முள் சிவப்புக் கோட்டில் நின்றது.

அப்போது மின்சாரம் போனது.

தெற்கிலிருந்து அடித்த சோளகக் காற்றுக்கு எங்கேயோ ஒரு தென்னோலை கம்பியில் விழுந்திருக்கவேண்டும். கொம்பிறசர் முனகி அடங்கியது. பசை ஈரம். சீலையை இப்போது விட்டால் எல்லாச் சட்டமும் கழரும்.

“நாகலிங்கம், கரண்ட் உங்கடை சுன்னாகத்துப் பவர்ஹவுசிலையிருந்துதானே வருது? ஓடிப்போய்க் கேளும்,” என்றார் இன்னாசித்தம்பி.

“சைக்கிளிலை போய்ச் சேர உங்கடை பசை காஞ்சிடும்,” என்று சொல்லிக்கொண்டே நாகலிங்கம் கொம்பிறசர்ப் பக்கக் குழாயைப் பூட்டக் கையை நீட்டினார். அற்புதராணி அதற்குள் பூட்டிவிட்டாள். பித்தளைத் திருகையும் இறுக்கினாள்.

நால்வரும் மானியைச் சுற்றி நின்றார்கள். முள் கோட்டை விட்டு அசையுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அசையத்தான் செய்தது. ஆனால் உழுது களைத்த மாடு வீடு திரும்புவதுபோல நிதானமாக. கொஞ்சம் விலகியது. இன்னும் கொஞ்சம். யோசப்பின், வாய்க்குள் மரியாயே வாழ்க செபம் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னாசித்தம்பி தட்டின் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார், வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கும்போது நிற்பதைப்போல. வெயில் பட்டறை வாசலிலிருந்து நகர்ந்து வேலிக்குப் போனது. மின்சாரம் வரவில்லை. பிதுங்கிய பசையின் ஓரத்தை அற்புதராணி சீலைக்கு மேலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு மிச்சப் பசையைச் சிரட்டையில் தொட்டுப் பார்த்தாள். அது தோல்போல உரிந்து வந்தது.

“காணும், காஞ்சிட்டுது,” என்றாள். திருகைத் திறந்தாள். சீலை பெருமூச்சு விட்டு எழுந்தது.

எல்லாச் சட்டமும் இருந்த இடத்தில் இருந்தன. ஒவ்வொன்றின் இரு பக்கமும், முனையிலிருந்து முனைவரை, நடுவிலும் ஓரத்திலும், ஒரே அளவு மணிமாலை. இன்னாசித்தம்பி பலகையை இரு விரலால் காதுக்குக் கிட்டத் தூக்கிப் பிடித்து, மறுகை விரல் மொளியால் தட்டினார். மணி அடித்ததுபோல நீளமாக ஓடி ஓய்ந்தது. மறுபடியும் தட்டினார். பிறகு அதைத் தங்கையிடம் நீட்டினார். அவளும் தட்டிப் பார்த்தாள். பிறகு நாகலிங்கம். யோசப்பினுக்கும் கொடுத்தார்கள். அவளும் தட்டிவிட்டு, “எனக்கு விளங்கேல்லை. ஆனா வடிவாக் கேக்குது,” என்றாள்.

மாரி வந்தது. அந்த வருடம் நல்ல மழை. உப்பும் பெட்டியில் கிடந்தே கரைந்தது. கதவுகள் ஊதிப் பூட்ட முடியாமல் நின்றன. வின்சன்ற்றின் கிற்றாரில் ஒரு சட்டமும் அசையவில்லை. அவன் அதை மார்கழியில் நத்தார்த் திருநாளுக்கு நீர்கொழும்பிலிருக்கும் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கே கடற்கரைக் கோயிலில் பாடினான். திரும்பிவந்து பட்டறை வாசலில் நின்று, “ஒருத்தரும் நம்பேல்லை அண்ணை. யப்பானிலை செய்ததோ எண்டு கேக்கினம்,” என்று சொன்னான். சொல்லும்போது அவன் நெஞ்சு முன்னால் நின்றது. ஊரெல்லாம் சொல்லித் திரிய அவனுக்கு மறுபடியும் வாய் வந்துவிட்டது.

தவக்காலம் தொடங்கிய கிழமை, நீர்கொழும்பிலிருந்து மார்சலின் பர்னாந்து என்பவர், வின்சன்ற்றின் கிற்றாரைக் கேட்டுவிட்டு, தேடிக்கொண்டு வந்தார். அவருக்கு அங்கே பெரிய பட்டறை; வயலினும் மண்டலினும் கிற்றாரும் செய்வார்கள். அவருக்கும் சட்டம் கழரும் பிரச்சினைதான். கிளாம்ப் அவருக்கும் கிடைப்பதில்லை. அவர் தட்டைச் சுற்றிவந்தார், சீலையைத் தடவினார், பெற்றோமாக்ஸ் திருகைக் கண்டு சிரித்தார். ஆனால் முள் இறங்கிக் கோட்டில் நின்றபோது சிரிப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

“மாஸ்டர், எனக்கு இப்படி ரெண்டு வேணும். நீங்க வந்து பூட்டித் தரணும். எத்தனை நாளானாலும் என் வீட்டில தங்கலாம்.”

இன்னாசித்தம்பி கையைத் துடைத்தார். அற்புதராணி பக்கத்தில் நின்று ஒரு சட்டத்தைச் சீவிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

“என்னைக் கூப்பிட்டு வேலையில்லை,” என்றார் இன்னாசித்தம்பி. “எனக்கு மரம் தெரியும். தட்டை இழைச்சுப் பிசின் பூசித் தருவன், ஒரு சொட்டுக் காத்து போகாது. அது என்ரை பொறுப்பு. ஆனா உதைக் கண்டுபிடிச்சது என்ரை தங்கச்சி. எந்தப் பலகைக்கு முள்ளு எங்கை நிக்கவேணும் எண்டு அவவுக்குத்தான் தெரியும். அவ வந்தாத்தான் உங்களுக்குச் சரிவரும்.”

மார்சலின் எழுந்து அவள் பக்கம் திரும்பினார். “அப்ப நீங்கதான் வரணும், அக்கா.”

அற்புதராணி சீவுளியைக் கீழே வைத்தாள். “கொம்பனியிலை லீவு கேட்டிட்டுச் சொல்லுறன்,” என்றாள். பிறகு, “இல்லை. வாறன்,” என்றாள்.

தவக்காலம் கழிந்து பாஸ்குத் திருநாள் முடிந்ததும் புறப்பட்டார்கள். துணைக்கு யோசப்பின். கொம்பிறசர்கள் இரண்டையும் நாகலிங்கம் தேடிப் பிடித்து, எண்ணெய் மாற்றி, சணல் சாக்கில் பொதிந்து ரயில் நிலையத்துக்கே கொண்டுவந்து தந்தார். தட்டுகளை இன்னாசித்தம்பி தோளில் சுமந்துவந்தார். சாமான் பெட்டியில் போடச் சொன்ன, கொடியோடு நின்ற ரயில் காட் ஐயாவிடம் அவர் மறுத்துவிட்டார்.

“உது சாமான் இல்லை, ஐயா. உது பொறி. அங்கை இங்கை அடிபட்டா முள்ளு நிக்காது. இவ என்ரை தங்கச்சி. நீர்கொழும்புக்கு உதைப் பூட்டப் போறா. அங்கை ஒருத்தருக்கும் தெரியாத வேலை.”

மேடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யோசப்பின், “மெள்ளக் கதையுங்கோ. சனம் பாக்குது,” என்றாள்.

“பாக்கட்டும். பாக்கத்தானே சொல்லுறன்.”

காட் சிரித்துவிட்டு, இருக்கைக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொன்னார். ரயில் அசைந்தபோது இன்னாசித்தம்பி யன்னலோடு நடந்துகொண்டே, “அவையின்ரை மரத்தை நம்பாதை, பிள்ளை. தட்டிப் பாத்து எடு,” என்றார். நாகலிங்கம் பின்னால் நின்று இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார்.

நீர்கொழும்புப் பட்டறையில் எட்டுப் பத்து ஆண்கள் வேலை செய்தார்கள். அவள் நிலத்தில் குந்திக் குழாய்களைப் பூட்டியபோது அவர்கள் சுற்றிநின்று பார்த்தார்கள். தங்களுக்குள் சிங்களத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள். அவள் அவசரப்படவில்லை. ஊதுபத்தி பிடித்துப் பார்த்தாள். ஒரு மூட்டைக் கழற்றித் திரும்பப் பூட்டினாள். அவர்கள் கொடுத்த முதல் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள், இரண்டாவதையும் வேண்டாம் என்றாள், மூன்றாவதை எடுத்தாள். ஆளியைப் போட்டதும் சீலை இறங்கியது, சட்டங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஒரு முதிய தொழிலாளி சீலையின் ஓரத்தைக் கிளப்பப் பார்த்தார். நகம்கூட உள்ளே போகவில்லை. அவர் மற்றவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“இத யாருகிட்டப் படிச்சீங்க, அக்கா?” என்று கேட்டார் மார்சலின்.

அற்புதராணி முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் திருகை ஒரு நூல் திறந்தாள். அது வேண்டிய இடத்தில் நின்றபிறகுதான் நிமிர்ந்தாள்.

“ஒருத்தரிட்டையும் படிக்கேல்லை. தட்டு அண்ணை செய்தது. கொம்பிறசரும் சிலிண்டரும் சுன்னாகத்து நாகலிங்கம் பூட்டினது. மூண்டு பேர் சேர்ந்துதான் செய்தம். ஆனா முதலிலை நினைச்சது நான்.”

மார்சலின் அதைச் சிங்களத்தில் சொன்னார். அந்த முதியவர் வேலை செய்த கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, ஒரு கதிரையைத் தூக்கிவந்து அவளுக்குப் பின்னால் வைத்தார். அவள் உட்கார்ந்தாள். பசை காயும்வரை அங்கேயே இருந்தாள்.